ஆடைத் தொழிற்சாலையில் சங்கக் கிளை தொடங்குவது எப்படி?

இலங்கையில் தொழிற்சங்கம் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சொல்வது அதுதான். ஆனால் கட்டுநாயக்க, பியகம போன்ற சுதந்திர வர்த்தக வலயங்களில் ஏழே பேராக வெளியே தெரியவந்தால், ஏழு பேருக்கும் வேலை போகும் ஆபத்து உண்டு. நிர்வாகத்தைப் பேச வைக்கும் எண் வேறு. 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32அ பிரிவின்படி, எந்தத் தொழிலாளருக்காகச் சங்கம் பேசுகிறதோ அவர்களில் 40 சதவீதத்தினர் உறுப்பினராக இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது.

600 பேர் வேலைசெய்யும் இடத்தில் 40 சதவீதம் என்றால் 240. நீங்கள் 360 பேரைச் சேருங்கள். வலயத்தில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அந்த 40 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்கத் தொழில் திணைக்களம் இரகசிய வாக்கெடுப்பு வைக்கும்வரை நாட்கள் ஓடும். அதற்குள் உறுப்பினர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டுவார்கள்.

ஆள் சேர்க்கும் வேலையை, தொழிலாளர் தங்கும் போர்டிங்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பதிவான சங்கமொன்றின் கிளையாகத் தொடங்குவது நல்லது. சட்டம் தெரிந்தவர்கள் முதல் நாளே பக்கத்தில் இருப்பார்கள். ஒரு லைனுக்கு (தையல் இயந்திர வரிசைக்கு) இருவர் பொறுப்பு. கட்டிங், அயர்ன், பேக்கிங் பகுதிகளை விட்டுவிடாதீர்கள். படிவத்தில் பெயர், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், லைன், திகதி, கையெழுத்து இருக்கட்டும். சிங்களத்திலும் தமிழிலும் அச்சிடுங்கள். புரியாத தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். சந்தாவையும் தொடக்கத்தில் கையில் வாங்குங்கள். சம்பளத்தில் கழிக்கச் சொன்னால் உறுப்பினர் பட்டியல் நேரே நிர்வாகத்திடம் போய்விடும்.

எண்ணிக்கை சேர்ந்ததும் தாமதிக்காதீர்கள். கிளை அமைந்ததையும் பொறுப்பாளர்களின் பெயர்களையும் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, பிரதியைத் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்புங்கள். பின்னர் யாரையாவது நிறுத்தினால், சங்கம் இருப்பது தெரியாது என்று நிர்வாகம் சொல்ல முடியாது. ‘எங்களிடம் ஊழியர் சபை இருக்கிறதே’ என்பார்கள். ஊழியர் சபை என்பது தொழிற்சாலைக்குள் ஊழியர் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு பேசும் அமைப்பு. அது தொழிற்சங்கம் ஆகாது.

பலர் தோற்பது இராஜினாமாக் கடிதத்தில்தான். எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அறையில் கதவைச் சாத்தி, எழுதித் தயாராக வைத்த தாளை நீட்டுவார்கள்: ‘நீயாகவே விலகினால் காசு உடனே கிடைக்கும்.’ கையெழுத்திட்டால் நீங்களாக விலகியதாகவே பதிவாகும். வேலைநீக்கம் என்று பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுங்கள். அன்றிரவே நேரம், அறையில் இருந்தவர்கள், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அந்தக் கொப்பி மிக முக்கியம். உறுப்பினர் என்பதற்காக வேலைநீக்குவதும், சங்கத்தை விட்டு விலகினால் பதவி உயர்வு தருவதாக ஆசை காட்டுவதும் 32அ பிரிவின்கீழ் குற்றம். ஆனால் வழக்குத் தொடர்வது திணைக்களம். சங்கம் நேரே தொடர முடியாது. திகதியும் சாட்சியும் இல்லாத முறைப்பாடு அங்கேயே கிடந்துவிடும்.

வேலை போனால், வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சு நடக்கிறது என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். சம்பளச் சிட்டை, நியமனக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் இப்போதே போர்டிங்குக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்திருக்கும் தங்கைமார் கவனிக்க: திணைக்களத்துக்கான முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.