விட்காட்ஸியைப் பற்றி எழுதுகிறவர்கள் இடறும் இடங்கள்

ஓவியம் குறித்த கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. போலந்தின் ஓவியரும் நாடகாசிரியருமான ஸ்டானிஸ்வாவ் இக்னாட்ஸி விட்கியேவிச், அதாவது விட்காட்ஸி பற்றிப் புதியவர்கள் எழுதி அனுப்பும்போதெல்லாம், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். ஆண்டு மாறுவது, ஊர்ப்பெயர் சிதைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது பிடித்துவிடுவார்கள்.

அப்பாவையும் மகனையும் குழப்புவது

அப்பா பெயரும் ஸ்டானிஸ்வாவ் விட்கியேவிச்தான். அவரும் ஓவியர், அவரும் எழுதியவர். மகன் பிறந்தது 1885. தேதியைப் பாருங்கள், போதும்.

எல்லா முகங்களையும் போதைக்கணக்கில் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கண் பிதுங்கி, முகம் கோணி, பின்னணியில் நிறம் கொதிக்கும் ஒரு பாஸ்டல் (வண்ணக்கட்டி) படத்தைப் பார்த்ததும் "கோகெயின் போதையில் வரைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். யார் சொன்னது?

1920களின் நடுவில் விட்காட்ஸி உருவப்படம் வரைவதை ஒரு கம்பெனியாகவே நடத்த ஆரம்பித்தார். 1928இல் அதற்கு விதிமுறைகளை அச்சிட்டார். வாடிக்கையாளர் படத்தைக் குறை சொல்லக்கூடாது என்பது அதில் ஒன்று. படங்களை எழுத்து போட்டு வகை பிரித்திருந்தார். 'ஏ' வகை வழவழப்பானது, அழகூட்டியது. 'பி' வகையில் முகத்தின் குணம் தூக்கலாகத் தெரியும். 'சி' வகைதான் மதுவும் மற்ற போதைப் பொருட்களும் துணையாக வரைந்தது. விதிமுறைப்படி அது அப்போது வாடிக்கையாளருக்குக் கிடையாது. அப்புறம் 'டி' வகை: 'சி'யில் வரும் அதே விளைவு, ஆனால் எந்தப் பொருளின் உதவியும் இல்லாமல்.

இந்த 'டி'யைக் கொஞ்சம் கவனியுங்கள். போதையே இல்லாமல் அதே கோணல் முகத்தை வரைய முடியும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது படத்தின் மூலையை. கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வகை, மாதம், ஆண்டு, அன்று உள்ளே போனவை, போகாதவை எல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். 'கோ' என்றால் கோகெயின். தேநீருக்கும் காஃபினுக்கும்கூடக் குறி உண்டு. 'என்.பி.' என்றால் புகைக்கவில்லை, சில இடங்களில் எவ்வளவு காலமாக என்பதற்கு ஓர் எண்ணும் சேர்ந்து வரும். மதுவைத் தொடவில்லை என்பதற்கும் தனிக்குறி. விட்டுவிட்டதைக் குறித்து வைத்த படங்கள் ஏராளம்.

ஒரு சிறு கண்காட்சிக் கையேட்டில் இது பணத்தைக் கரைத்தது. எழுதிய பையன் ஒரு படத்துக்குக் கீழே போதைக் கதையைப் போட்டிருந்தான். அச்சாகி வந்த பிறகுதான் யாரோ மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அங்கே இருந்தது 'என்.பி.'யும் தேநீர்க் குறியும். ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. அந்த ஸ்டிக்கரும் கோணலாகத்தான் ஒட்டியது.

இந்தப் போதைக் கதை இவ்வளவு பரவியதற்கு, என் கணக்கில், ஒரு காரணம் உண்டு. போலந்தின் மலையூரான ஸகோபானேயில் டாக்டர் பியவினிட்ஸ்கி-பிருலாவின் வீட்டில் நண்பர்கள் கூடி நடத்திய போதைச் சோதனைகளில் பிறந்த படங்கள் அந்தக் குடும்பத்திடமே தங்கின. பிறகு அவற்றில் பெரும்பகுதி வடக்குப் போலந்தின் ஸ்வூப்ஸ்க் நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அவர் படங்கள் அதிகம் இருப்பது அங்கேதான். நம் கண்ணில் அடிக்கடி படுவதும் அவைதான். 1932இல் அவர் வெளியிட்ட போதைப் பொருட்கள் பற்றிய புத்தகத்தையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் அவர் வரிந்துகட்டிக்கொண்டு திட்டுவது சிகரெட்டையும் சாராயத்தையும். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

'தூய வடிவ'த்துக்கு இந்த முகங்களை உதாரணம் காட்டுவது

நிறமும் கோடும் சேரும் அமைப்பே, இருப்பின் விசித்திரத்தை உணரவைக்க வேண்டும் என்பது அவருடைய 'தூய வடிவ'க் கொள்கை. 1919இல் புத்தகமாகவே எழுதினார். கம்பெனிப் படங்களை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவை வயிற்றுப்பாடு. உதாரணம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கோ நாடகங்களுக்கோ போங்கள்.

இலங்கையை இழுத்து நீட்டுவது

நம்மவர்களுக்கே உரிய ஆசை. 1914 தொடக்கத்தில் அவருக்கு நிச்சயமான பெண் தற்கொலை செய்துகொண்டாள். உடைந்துபோயிருந்தவரை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி தன்னோடு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போனார். வழியில் இலங்கை. தங்கியது குறுகிய காலம்தான். அந்த வெயிலும் நிறமும் பிற்பாடு அவர் நாடகங்களின் வெப்பமண்டலக் காட்சிகளில் தலைகாட்டுகின்றன என்று சொன்னால் சரி. அங்கே கீழைத் தத்துவம் கற்றுத் தெளிந்தார் என்பது கட்டுக்கதை. அந்தப் பயணம் முழுக்க அவர் சாவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். போர் மூண்டதும் மாலினோவ்ஸ்கியோடு சண்டை போட்டுவிட்டு, ரஷ்யா போய் ஜார் படையில் சேர்ந்தார்.

கல்லறைப் படத்தோடு முடிப்பது

சோவியத் படை போலந்துக்குள் நுழைந்த மறுநாள், 1939 செப்டம்பர் 18 அன்று, யெசியோரி என்ற கிராமத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1988இல் அங்கிருந்து எலும்புகளைத் தோண்டி எடுத்து வந்து ஸகோபானேயில் மரியாதையோடு புதைத்தார்கள். 1994இல் திறந்து பார்த்தபோது அவை ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். ஆகவே "இங்கே துயில்கிறார்" என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்.

புரூனோ ஷுல்ஸோடு கலப்பது

போலிஷ் எழுத்தாளரான ஷுல்ஸும் வரைந்தார், எழுதினார். ஆனால் அவர் த்ரோஹோபிச் என்ற ஊரில் பள்ளி ஓவிய ஆசிரியர், 1942இல் நாஜிகளால் சுடப்பட்டவர். இருவரும் நண்பர்கள், அவ்வளவுதான்.