தமிழ்ச் சொல்லை ரெஜெக்ஸில் தேடுவது எப்படி (பைத்தான்)

ரெஜெக்ஸ் என்பது உரையில் ஒரு வடிவத்தைத் தேட எழுதும் குறிமொழி. பைத்தானோடு வரும் ‘ரீ’ (re) தொகுதியில், சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூவைத் (\w) தமிழுக்கு நம்பாதீர்கள். அதில் கூட்டல்குறி சேர்த்து ‘தமிழ்’ என்பதைத் தேடினால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். யூனிகோடில் ‘மி’ என்பது ம-வும் இகரக் குறியும். புள்ளியும் தனிக் குறிதான். இந்தக் குறிகளை அது எழுத்தாக ஏற்பதில்லை.

சொல்லெல்லையான பின்சாய்கோடு-பி-யும் (\b) இதனால்தான் சொதப்புகிறது. ‘மரம்’ என்பதை இருபுறமும் அதை வைத்துத் தேடினால் எதுவும் சிக்காது. ‘பட’ என்று தேடினால் ‘படி’க்குள் போய் நிற்கும்.

எல்லையை நாமே எழுதிவிடலாம்:

(?<![ஃ-௺])மரம்(?![ஃ-௺])

முன்னாலும் பின்னாலும் தமிழ்க் குறியீடு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பொருள். [ஃ-௺] வீச்சில் உயிர், மெய், குறிகளோடு தமிழ் எண்களும் அடங்கும்.

தேடும் முன் உரையை என்எஃப்சி (NFC) வடிவுக்கு, அதாவது ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியிருந்தாலும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவுக்கு, மாற்றுங்கள். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ (unicodedata) தொகுதியில் அதற்கான ‘நார்மலைஸ்’ (normalize) இருக்கிறது. ‘கொ’வை க-வும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ரெஜெக்ஸுக்கு வேறு வேறு. தேடும் பேட்டர்னையும் அதே வடிவுக்கு மாற்ற மறக்க வேண்டாம். ஆனால் ‘கௌ’வை ‘கெ’வும் ‘ள’வுமாகத் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழை, என்எஃப்சி அதைத் திருத்தாது.

உண்மையான சிரமம் சொல்லோடு ஒட்டும் உருபு, விகுதிகளில் இருக்கிறது. மரத்தை, மரங்கள், மரமும் எல்லாம் வேண்டுமென்றால்:

(?<![ஃ-௺])(?!மரத்துப்போ)மர(?:ம|த்த|ங்க)[ஃ-௺]*

நடுவில் உள்ள (?!மரத்துப்போ) என்ற விலக்கு இல்லாவிட்டால் ‘கால் மரத்துப்போனது’ம் வந்துவிடும். ‘மரக்கிளை’க்காக |க்க சேர்க்கலாம்; சேர்த்தால் மரக்கறி, மரக்காணம், மரக்காயர் மூன்றும் கூடவே வரும். அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது, தேவையான கூட்டுச்சொற்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் ?: விட்டுப்போனால் பொருந்துவதையெல்லாம் பட்டியலாகத் தரும் ‘ஃபைண்டால்’ (findall) முழுச்சொல்லைத் தராது, ‘ம’, ‘த்த’ என்ற துணுக்குகளை மட்டும் தரும்.

எழுத்தெண்ணிக்கைக்கு, ரெஜெக்ஸில் ஏதாவது ஒரு குறியீட்டைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி (.) உதவாது. அதற்குத் ‘தமிழ்’ ஐந்து எழுத்து. இதைப் பயன்படுத்துங்கள்:

(?:க்ஷ|[ஃ-ஹ])[ா-்]?

இப்போது மூன்று வரும். கடைசி அடைப்பில் ஆகாரக் காலும் புள்ளியும் சில எடிட்டர்களில் சிதைந்து தெரியும். அங்கே யூனிகோட் எண்ணாக எழுதுவது பாதுகாப்பு. இவ்வளவும் அடிக்கடி தேவைப்பட்டால் ‘ரீஜெக்ஸ்’ (regex) என்ற வெளித்தொகுதியை நிறுவிக்கொள்ளலாம். அதில் பின்சாய்கோடு-டபிள்யூ தமிழ்க் குறிகளையும் சேர்த்தே எடுக்கும்.