எரிகோ முதல் ஹரப்பா வரை: ஒரே மண்ணில் நான்கு காலத்துப் பச்சைக்கல் அறுப்பது எப்படி

எழுத்தும் அரசும் வருவதற்கு முன் வாழ்ந்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம், சுமேர், எகிப்து, சிந்துவெளிக்கு அடுத்த அத்தியாயம். நடுவில் ஒரு கோடு. சுவரைப் பார்த்தால் அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது கடினம். பாலஸ்தீனத்தின் எரிகோவில் கி.மு. 9000-ஐ ஒட்டி வாழ்ந்தவர்களும் அதற்கு ஆறாயிரம் ஆண்டுகள் கழித்துத் தென் இராக்கின் சுமேரில் கோயில் கட்டியவர்களும் மண்ணைக் குழைத்து, வெயிலில் காயவைத்து, மண் சாந்திலேயே அடுக்கினார்கள். மாறியது இந்தப் பச்சைக்கல்லின், அதாவது சூளையில் சுடாத செங்கல்லின், வடிவமும் அளவும்தான். மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நாற்பது கல் அறுக்கவைப்பது எளிது. மழையில்லாத நான்கு வாரமும் வெயில் படும் சமதரையும் வேண்டும்.

தை முதல் வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சுமேரிய நாட்காட்டியில் மூன்றாம் மாதத்துக்குச் ‘செங்கல் மாதம்’ என்றே பெயர். அது நம் வைகாசி வாக்கில்தான் வரும். வெள்ளம் வடிந்து வெயில் ஏறும் பருவம்.

மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வெற்றி இங்கேதான். மேல் மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி ஒதுக்குங்கள்; அதில் வேரும் மக்கிய இலையும் இருக்கும், அவை அழுகினால் கல்லுக்குள் பொந்து விழும். அடியில் உள்ள மண்ணை எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் ஒரு மணி நேரத்துக்குள், களி மறுநாள். களி 15 முதல் 30 சதவீதத்துக்குள்ளும், மணல் பாதிக்குக் குறையாமலும் இருந்தால் நல்ல மண்.

இரண்டாவது உருளைச் சோதனை. ஈர மண்ணை 3 செ.மீ. கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு உருட்டி, மேசை விளிம்பைத் தாண்டி மெல்லத் தள்ளுங்கள். 5 செ.மீ. தொங்குவதற்குள் உடைந்தால் மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் உடையாவிட்டால் களி அதிகம், ஆற்றுமணல் சேர்க்க வேண்டும். கரிசல் மண்ணை எடுக்கவே வேண்டாம். ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கும் களி அது; எவ்வளவு வைக்கோல் போட்டாலும் பிளக்கும்.

குழைத்தல்

நாற்பது கல்லுக்கு 12 லிட்டர் பிடிக்கும் சாந்துச் சட்டியால் பதினாறு சட்டி மண், 4 கிலோ வைக்கோல். முதலில் 50 லிட்டர் தண்ணீர், பிறகு தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக. வைக்கோலைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டுங்கள். நீளமாக விட்டால் அச்சின் மூலையில் சிக்கி மண் இறங்காது. வைக்கோல் கல்லுக்குப் பலம் தருகிறது என்பார்கள். அதன் முக்கிய வேலை வேறு. கல்லின் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழிவிடுவதும், சுருங்கும்போது விரிசல் ஓரிடத்தில் சேராமல் சிதறடிப்பதும்தான்.

மண்ணை வட்டமாகக் குவித்து, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் கண்ணாடித்துண்டு, ஆணி இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். வைக்கோலைத் தூவித் தூவி மிதியுங்கள். மிதித்த மண்ணை ஈரச்சாக்கால் மூடி இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் வழவழப்புக் கூடும். நாற்றம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். திரும்ப ஒருமுறை மிதித்து, விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொண்டால் தண்ணீர் அதிகம், ஓரம் பொரிந்தால் குறைவு.

தீப்ஸில் ரெக்மிரே என்ற எகிப்திய அமைச்சரின் கல்லறையில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இதே வரிசையைக் காட்டுகிறது: குளத்தில் தண்ணீர் மொள்வது, மண் வெட்டுவது, அச்சில் அறுத்து வரிசையாகக் காயப்போடுவது. சூளைக்குக் கல் அறுப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

நான்கு வகை, வகைக்குப் பத்து

முதல் வகை எரிகோக் கல். அச்சு கிடையாது. மண்ணை உருட்டி 35 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்துக்கு, இரு முனையும் ஒடுங்கியதாகத் தட்டுங்கள். மேற்பரப்பில் இரு கட்டைவிரலாலும் சாய்வாக அழுத்தி மீன்முள் போல இரண்டு வரிசைக் குழி போடுங்கள். எரிகோவில் கி.மு. 8000-ஐ ஒட்டிய கற்களில் இந்த விரல்தடங்கள் அப்படியே இருக்கின்றன. சாந்து பிடித்துக்கொள்ள உதவும் பள்ளங்கள் அவை. நடுவில் கனம் அதிகமாதலால் இந்தக் கல் மற்றவற்றைவிட நான்கைந்து நாள் தாமதமாகக் காயும்.

இரண்டாவது, மரச்சட்டத்தில் அறுக்கும் தட்டைக்கல். இராக்கில் சமாராவை அடுத்த டெல் எஸ்-சவ்வானில் கி.மு. 6000 வாக்கிலேயே அச்சுக்கல் வந்துவிட்டது. எழுத்து வர இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. அச்சை நகர நாகரிகத்தின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். 2 செ.மீ. பலகையில், அடிப்பலகை இல்லாத பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள்; இந்த வகைக்கு அளவு உங்கள் விருப்பம். அச்சைத் தண்ணீரில் முக்கி, தரையில் உமி தூவி, மண்ணை ஓங்கிப் போட்டு மூலைகளை முஷ்டியால் அழுத்தி, மேலே மட்டக்கட்டையால் வழித்து, உடனே நேராகத் தூக்குங்கள். ஆட்டித் தூக்கினால் ஓரம் கிழியும்.

மூன்றாவது, சுமேரியரின் முதுகு உப்பிய கல். அதே அச்சுதான், ஆனால் வழிக்கக் கூடாது. விளிம்புக்கு மேல் மூன்று விரற்கடை மண்ணைக் குவித்து, ஈரக்கையால் ஆமை ஓடு போல உருட்டி, உச்சியில் கட்டைவிரலால் ஒரு குழி போடுங்கள். முன்பு ‘ஊருக்’ (Uruk) நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் காலத்தில் தட்டையான கல்லில் கட்டிய அதே நாட்டில், கி.மு. 2900-க்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் இந்த உப்பல் கல்தான் வழக்கம். எரிகோவின் கையும் விரல்குழியும் திரும்ப வந்தது போல இருக்கிறது. நுட்பம் எப்போதும் முன்னோக்கியே போகும் என்ற எண்ணத்துக்கு இது இடைஞ்சல்! ஒரு வரிசையை இடப்புறமும் அடுத்ததை வலப்புறமும் சாய்த்து அடுக்க வேண்டும். சாந்து தாராளமாகச் செலவாகும்.

நான்காவது ஹரப்பா அளவு: 7 × 14 × 28 செ.மீ. கனம், அகலம், நீளம் 1:2:4. மதில்களுக்கு 10 × 20 × 40. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும், சுட்ட கல்லிலும் சுடாத கல்லிலும், இந்த விகிதத்தைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். காய்ந்த பிறகு இந்த அளவு வர, அச்சின் உள்ளளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கல்லை முன்னதாக அறுத்துக் காயவைத்துச் சுருக்கத்தை அளந்துகொள்ளுங்கள். 5 சதவீதம் சுருங்கும் மண்ணென்றால் அச்சு சுமார் 29.5 × 14.8 × 7.4 செ.மீ. சரிபார்க்க அளவுகோல் வேண்டாம்: இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கல்லின் நீளம், நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதே நீளம். நான்கில் உண்மையில் புதியது இந்த ஒன்றுதான். ஊர் விட்டு ஊர் அளவு ஒத்திருக்க வேண்டுமென்றால் அச்சைத் தாண்டி ஓர் ஒப்பந்தம் தேவை.

காயவைத்தலும் கோளாறுகளும்

முதல் இரண்டு நாள் நேர் வெயில் கூடாது; தென்னங்கீற்றால் மூடுங்கள். மூன்றாம் நாள் பக்கவாட்டில் நிமிர்த்துங்கள். பத்தாம் நாள் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கலாம். முழுதும் காய மூன்று நான்கு வாரம் ஆகும். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவில் கருத்த வட்டம் தெரிந்தால் ஈரம் போகவில்லை. காய்ந்த ஹரப்பா அளவுக் கல் சுமார் 4.5 முதல் 5 கிலோ இருக்கும்.

குறுக்கே விரிசல் விழுந்தால் வேகமாகக் காய்ந்திருக்கிறது அல்லது களி அதிகம். அச்சைத் தூக்கியதும் கல் பரந்து உட்கார்ந்தால் தண்ணீர் அதிகம். மூலை உதிர்ந்தால் அழுத்தியது போதவில்லை. வில்போல வளைந்தால் ஒரு பக்கமே வெயில் பட்டிருக்கிறது, நிமிர்த்தத் தாமதித்துவிட்டீர்கள். காய்ந்த கல்லை இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படப் போடுங்கள். மூலை சிதையலாம், கல் தூளாகக் கூடாது.

அடுக்குவதற்கு அதே மண்ணைச் சலித்து, வைக்கோல் இல்லாமல் குழைத்தால் போதும். கல்லின் மேல் தண்ணீர் தெளித்த பிறகே சாந்து வையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது.

கடைசியாக ஒரு கல்லை வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் சேறாகிவிடும். கி.மு. 2100 வாக்கில் சுமேரின் ‘ஊர்’ (Ur) என்ற நகரத்தில் மன்னன் ஊர்-நம்மு எழுப்பிய சிகுராத்தின் (படிப்படியாக உயரும் கோயில் மேடையின்) உட்பகுதி முழுக்க இப்படிப்பட்ட பச்சைக்கல்தான். சுட்ட கல்லை நிலக்கீல் (தார்) வைத்து ஒட்டி வெளிப்புறத்தை மட்டும் போர்த்தி, உள்ளே தேங்கும் ஈரம் வெளியேற இடையிடையே துளை விட்டார்கள். உங்கள் மீதிக் கற்களை அடுக்கிய பிறகு மேல்வரிசைக்கு மட்டும் நாலு சுட்ட செங்கலோ ஓடோ கவிழ்த்து வைத்தால் அடுத்த மழைக்குத் தாங்கும்.