வைர நகைக்கு விலை பேசும் முறை: கோவை, ஈரோட்டுக் கடைகளுக்குப் போகும் முன்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரு விலை சொன்னால் எந்த வியாபாரியும் வாங்க மாட்டார். தரம் பிரித்து, மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் விலை வைப்பார். அப்படிப் பழகிய குடும்பத்தார்கூட, மகளின் கல்யாணத்துக்கு வைரத் தோடு எடுக்கக் கோவை பெரிய கடை வீதிக்கோ கிராஸ்கட் சாலைக்கோ வரும்போது, தங்கம், கல், கூலி, வரி எல்லாம் சேர்ந்த ஒரே தொகையைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்ணா" என்று மட்டும் சொல்வதைக் காணலாம். கடைக்காரர் முதலில் "கட்டுபடியாகாதுங்க" என்பார். பிறகு மூவாயிரமோ ஐயாயிரமோ குறைப்பார். அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து குறைந்தது, இன்னும் எவ்வளவு குறைந்திருக்கலாம் என்பது வாங்கியவருக்குத் தெரியாமலே போய்விடும். வைர நகையில் விலை பேசுவதற்கு இடம் இருப்பது பெரும்பாலும் கல்லின் விலையில்தான். அதைத் தனியாகப் பிரித்துக் கேட்காதவரை அங்கே யாராலும் கை வைக்க முடியாது.

ஆகையால் நகை பிடித்துப்போனதும் முதலில் கேட்க வேண்டியது கடைசி விலையை அல்ல, எஸ்டிமேட் சீட்டை. அந்தச் சீட்டில் மொத்த எடை, கல் எடை, கல் நீங்கிய தங்க எடை, தங்கத்தின் காரட் (தூய்மை அளவு), அன்றைய கிராம் விலை, சேதாரமும் செய்கூலியும் அல்லது இரண்டும் சேர்ந்த வி.ஏ. சதவீதம், வைரத்தின் மொத்த எடை, கற்களின் எண்ணிக்கை, ஒரு காரட்டுக்கு (வைரத்தில் இது எடை அளவு) வைர விலை, நிறம், தெளிவு, ஜி.எஸ்.டி. ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேசுவதில் பயன் குறைவு என்பது என் கருத்து.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலைகள் அல்ல. ஏழு கல் தோடு ஒரு ஜோடி. இரண்டு காதுக்கும் சேர்த்து 14 கற்கள், ஒவ்வொன்றும் 7 சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஆக 98 சென்ட். தங்கம் 18 காரட், கல் நீங்கலாக 6 கிராம், கிராம் 8,200 ரூபாய் என்றால் 49,200 ரூபாய். வி.ஏ. 18 சதவீதம் என்றால் 8,856 ரூபாய். வைரம் ஒரு காரட் 80,000 ரூபாய் என்றால், 98 சென்ட்டுக்கு 78,400 ரூபாய். கூட்டினால் 1,36,456; அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,40,550 ரூபாய் ஆகிறது. இப்போது வி.ஏ.வை 18லிருந்து 12 சதவீதமாகக் குறைக்க நீங்கள் அரை நாள் போராடி வென்றாலும் மிச்சமாவது 2,952 ரூபாய்தான். வைரத்தின் காரட் விலையில் பத்து சதவீதம் குறைந்தாலோ 7,840 ரூபாய் மிச்சம். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று வைர நகைக்குப் பெரிய பலகை வைத்திருக்கும் கடையில், கல் விலையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் இதுவே.

தங்கத்தின் அன்றைய விலையில் பேரத்துக்கு இடமில்லை. ஊரெங்கும் ஏறத்தாழ ஒரே விலைதான். ஆனால் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில், அதாவது 75 சதவீதத் தங்கத்தில் செய்யப்படுகின்றன. கல்லை இறுகப் பிடிப்பதற்கு 22 காரட்டைவிட அது உறுதியானது. எனவே கணக்கில் 22 காரட் விலை போடப்பட்டிருக்கக் கூடாது. 22 காரட் கிராம் 10,000 ரூபாய் விற்கும் நாளில் 18 காரட் ஏறக்குறைய 8,200 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அடுத்தது கல் எடை. ஒரு காரட் வைரம் என்பது 200 மில்லிகிராம். மேலே சொன்ன தோட்டில் 98 சென்ட் கல்லின் எடை 0.196 கிராம். அதைக் கழிக்காமல் மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால், ஏற்கெனவே வைரமாக விலை கொடுத்த கல்லுக்கு இன்னொரு முறை ஏறத்தாழ 1,600 ரூபாய் கொடுத்தவர்கள் ஆவோம். சாதாரணக் கல் பதித்த அட்டிகை, நெக்லஸ்களில் கல்லும் அரக்கும் பல கிராம் இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு அங்கே இன்னும் பெரிது.

வி.ஏ. பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கோவையிலேயே வார்ப்பு நகைகளும் வைர நகைகளும் செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. இயந்திரத்தில் வார்த்த எளிய வளையத்துக்கும் ஆசாரி கையால் கட்டிய வேலைக்கும் ஒரே சதவீதம் சொல்லப்பட்டால், அதைச் சுட்டிக்காட்டியே குறைக்கச் சொல்லலாம். நல்ல கைவேலைக்கு உரிய கூலியை அடித்துப் பேசுவது எனக்கு உடன்பாடானதன்று.

இனி வைரத்துக்கு வருவோம். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காரட் விலையைத் தீர்மானிப்பது ஒவ்வொரு கல்லின் அளவே தவிர, நகையிலுள்ள மொத்த எடை அல்ல என்பது. 7 சென்ட் கற்கள் பதினான்கு சேர்ந்து ஏறக்குறைய ஒரு காரட் வரும். ஆனால் ஒரே கல்லாக ஒரு காரட் இருக்கும் வைரத்தின் விலை அதைப் போலப் பல மடங்கு. எனவே "மொத்தம் ஒரு காரட் வைரம்" என்ற சொல்லுக்கு விலை பேசும்போது மதிப்பில்லை. ஒரு கல் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். கடைகளில் அளவுவாரியாக விலை அட்டை இருக்கும். உங்கள் கல் எந்த வரிசையில் வருகிறது என்பதைக் காட்டச் சொல்லலாம். பெரிய ஒற்றைக்கல் வாங்குபவர்களுக்கு இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. அரை காரட், ஒரு காரட் என்ற எல்லைகளைத் தாண்டும்போது காரட் விலை சட்டென்று ஏறும். ஆகவே 50 சென்ட் மோதிரத்துக்குப் பதிலாக 47, 48 சென்ட் கல்லைத் தேடினால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலே விலை கணிசமாகக் குறையும்.

அடுத்தது தரம். நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்துகள். டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை, ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. தெளிவு, அதாவது கல்லுக்குள் குறைகள் எவ்வளவு குறைவு என்பது, ஐ.எஃப்., வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று இறங்கும். நம் பக்கத்தில் "இ–எஃப், வி.வி.எஸ்." என்று கேட்பதே வழக்கம், கல்லில் கரும்புள்ளி இருந்தால் தோஷம் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் வி.வி.எஸ்., வி.எஸ். இரண்டிலும் உள்ள குறைகளைப் பத்து மடங்கு பெருக்கும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது. 7 சென்ட் கல்லில் சொல்லவே வேண்டாம். மஞ்சள் தங்கத்தில் பதித்த கல்லில் ஜி நிறத்துக்கும் எஃப் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதும் கடினம். தள்ளுபடி கேட்டுப் பெறுவதைவிட, ஒரு படி இறங்கிய தரத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது பல நேரங்களில் பெரிய மிச்சம். நம்பிக்கையின் பொருட்டு வி.வி.எஸ். தான் வேண்டும் என்றால், கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அந்தத் தரம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குச் சான்றிதழ் வேண்டும். கடையே அச்சிட்டுத் தரும் அட்டை சான்றிதழ் ஆகாது, ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற தனி ஆய்வுக்கூடத்தின் சான்றில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கேயே உட்கார்ந்து சரிபார்க்கலாம். நகையில் பதித்த பிறகு கல்லைச் சோதித்தால் எடையையும் தரத்தையும் மதிப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பின்புறம் மூடிய பழைய பாணிப் பதிப்பில் இன்னும் சிரமம். ஆகவே ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி மூக்குத்தி போன்றவற்றைச் சொல்லிச் செய்வதானால், பதிக்கும் முன் கற்களை உதிரியாகப் பார்த்து, காரட் தராசில் எடை போட்டு, அந்த எடையைச் சீட்டில் குறித்துக்கொள்வது நல்லது. சிறு கற்களில் ஃபுல் கட்டா, சிங்கிள் கட்டா என்றும் கேளுங்கள். முன்னதில் 57 அல்லது 58 முகங்கள், பின்னதில் 17 அல்லது 18 மட்டுமே. சிங்கிள் கட் கல்லுக்கு ஃபுல் கட் விலை கொடுக்கக் கூடாது. சான்றில் நீல ஒளிர்வு (புற ஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிர்வது) அதிகம் என்று இருந்தால் அதுவும் பேசுவதற்கு ஒரு பிடி. டி, இ, எஃப் நிறங்களில் அத்தகைய கற்கள் சந்தையில் குறைந்த விலைக்கே போகின்றன.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இயற்கை வைரத்தின் அதே பொருள்தான், ஆனால் விலை மிகக் குறைவு. அண்மை ஆண்டுகளில் அது மேலும் சரிந்திருக்கிறது. கடையில் வைத்திருக்கும் சாதாரண வைரச் சோதனைப் பேனா இரண்டையும் பிரித்துக் காட்டாது. "இயற்கை வைரம்" என்று பில்லில் எழுதச் சொல்வதே வாங்குபவருக்கு உள்ள எளிய பாதுகாப்பு. வளர்த்த வைரத்தையே விரும்பி வாங்குபவர்கள் திரும்ப விற்கும் விலையை எதிர்பார்க்காமல், இன்றைய விலையை மட்டும் இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட்டால் போதும்.

வண்ணக் கற்களைப் பொறுத்தவரை கொங்கு நாட்டுக்கு நீண்ட தொடர்பு உண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழங்காலத்திலேயே மணிகள் செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நீல நிறப் பெரில் கல் கிடைத்ததும் அறிந்ததே. ஆனால் கெம்பு, மரகதத்துக்கு வைரத்தைப் போல எழுத்து வரிசைத் தரம் கிடையாது என்பதால் விலை பேசுவது கடினம். கெம்பில் கண்ணாடி நிரப்பப்பட்டிருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடையில் நடந்துகொள்ளும் முறைக்கும் விலையில் பங்குண்டு. அட்சய திருதியை அன்றும் முகூர்த்த நாளுக்கு முந்திய வாரக் கடைசியிலும் உங்களுக்காக மேலாளர் நேரம் ஒதுக்க மாட்டார். கல்யாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், வார நாளின் முற்பகலில் போனால் நின்று பேசலாம். ஒரே விவரத்தை, அதாவது ஏழு கல், கல்லுக்கு 7 சென்ட், இ–எஃப், வி.வி.எஸ்., ஃபுல் கட், 18 காரட் என்று, இரண்டு கடைகளில் கேட்டு எஸ்டிமேட் வாங்கிக்கொண்ட பிறகே பேரத்தைத் தொடங்க வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது; சொன்னால் அந்தத் தொகைக்கு ஏற்ற நகைதான் தட்டில் வரும். வீட்டார் எல்லாரும் போகலாம், ஆனால் பேசுபவர் ஒருவராக இருக்கட்டும். பேச்சு நடக்கும்போது அத்தை ஒருபுறம் "கண்ணு, உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விலை இறங்காது.

கேட்கும் வாக்கியமும் முக்கியம். "எவ்வளவு குறைப்பீங்க?" என்பதைவிட, "தங்கமும் கூலியும் சரிங்க. வைரம் காரட்டுக்கு இன்னொரு கடையில் 72,000 போட்டிருக்காங்க, இதே தரம், இதே சான்று. நீங்க என்ன போடுவீங்க?" என்று கேட்டால், விற்பனையாளர் மேலாளரிடம்தான் போக வேண்டியிருக்கும். தள்ளுபடி தரும் அதிகாரம் மேலாளரிடமே இருக்கும். "விலை மாறாது" என்று சொல்லும் பெரிய கடைகளில்கூட, சான்றிதழ் கட்டணத்தை நீக்குவது, அளவு மாற்றித் தருவது, விழுந்த கல்லை மாற்றிப் பதிப்பது போன்றவற்றைக் கேட்டுப் பெறலாம். தலைமுறையாக வாங்கும் கடையில் பேசச் சங்கடமாக இருக்கும் என்பது உண்மை. அங்கேயும் எஸ்டிமேட் சீட்டு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பழைய நகையை மாற்றுவதானால் அந்தப் பேச்சைப் புது நகை விலை முடிந்த பிறகே எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால், இங்கே குறைத்தது அங்கே கழிவாகப் போய்விடும். தங்கத்தின் தூய்மையைக் காட்டும் டச் மெஷினில் வந்த அளவையும், கழிக்கும் எடையையும் எழுதி வாங்க வேண்டும். பதினொரு மாத நகைச்சீட்டில் சேர்ந்திருப்பவர்கள், சேதாரச் சலுகை வைரத்துக்கும் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவும். தங்க நகைக்கு மட்டும் என்று விதிகளில் இருப்பது உண்டு.

பணம் கட்டும் இடத்தில், பில் வேண்டாம் என்றால் 3 சதவீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பில் இல்லாத வைரத்தைத் திரும்பக் கொடுக்கும்போது போகும் பணம் அதைவிடப் பல மடங்கு. இரண்டு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. கிரெடிட் கார்டு கட்டணம் கடையின் மேல் விழுவதால், வங்கிப் பரிமாற்றமாகக் கொடுப்பதாகச் சொல்லி இன்னும் சிறிது குறைக்கக் கேட்கலாம்.

கடைசியாக, வாய்ச்சொல்லாகக் கிடைத்தவற்றைப் பில்லின் மேல் எழுத வையுங்கள்: திரும்ப எடுக்கும்போது வைரத்துக்கு எத்தனை சதவீதம், அது வாங்கிய விலைக்கா அன்றைய விலைக்கா, பணமாகவா மாற்று நகையாகவா. வைரத்தை வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், திரும்பக் கொடுப்பதற்கான நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 18கே750 என்ற தூய்மைக் குறி, அந்த நகைக்கே உரிய ஆறு இலக்க அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று லூப்பில் காட்டச் சொல்லி, அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கல் நீங்கிய தங்க எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றைப் பில்லில் பிரித்துக் காட்டுவது கடையின் கடமை. தூய்மை குறைவாக இருந்தது பின்னர் நிரூபணமானால், அந்தக் குறைவுக்கான தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற விதிகளில் இடமுண்டு.