கீகேட்டில் வரைந்த சர்க்யூட்டை போர்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

நான் வடிவமைத்த முதல் போர்டில் ஐசியே உட்காரவில்லை. ஐந்து போர்டு செய்து வாங்கி, கவரைப் பிரித்து, கையிலிருந்த 555 டைமர் ஐசியை ஆசையாக வைத்துப் பார்த்தால் போர்டில் அதற்குத் துளையே இல்லை. எட்டு சின்னஞ்சிறு செப்புப் பட்டைகள் மட்டும் பல்லிளித்தன. இத்தனைக்கும் ஸ்கிமேட்டிக்கில், அதாவது சர்க்யூட் வரைபடத்தில், ஒரு வயர்கூடத் தப்பில்லை. ஐசியைச் சேர்க்கும்போது பட்டியலில் என்ஈ555பி (NE555P) என்று இருந்ததை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த என்ஈ555டியை (NE555D) எடுத்திருந்தேன். வரைபடத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் ‘பி’ என்றால் துளையில் செருகும் டிப் வகை, கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ. இடைவெளி. ‘டி’ என்றால் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் எஸ்ஓஐசி, இடைவெளி 1.27 மி.மீ. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அதனால் இந்தப் பதிவில் வரைவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், வரைந்தது போர்டாக மாறும் இடத்தைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

கீகேட் என்பது சர்க்யூட் வரைந்து போர்டு வடிவமைக்கும் மென்பொருள். இலவசம், திறமூலம். பிரான்சைச் சேர்ந்த ழான் பியர் ஷாரா 1992இல் தொடங்கியது. 2013 முதல் செர்ன் ஆய்வுக்கூடமும் இதன் வளர்ச்சியில் கைகொடுத்தது. பலர் கைகேட் என்கிறார்கள், கீகேட் என்பதுதான் சரி. கீழே சொல்வது 7, 8, 9 ஆகிய பதிப்புகளுக்குப் பொருந்தும். மெனுவில் ஒன்றிரண்டு சொற்கள் இடம் மாறியிருக்கலாம்.

படம் வரைதல்

முதலில் கீகேட்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் புது புராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். ஸ்கிமேட்டிக்குக்கு ஒரு கோப்பு, பிசிபிக்கு (அதாவது போர்டுக்கு) ஒரு கோப்பு என இரண்டு வரும். இரண்டையும் எப்போதும் இந்த புராஜெக்ட் ஜன்னல் வழியாகவே திறக்க வேண்டும். நேரடியாக எடிட்டரை மட்டும் தனியாகத் திறந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதையும் அனுப்ப முடியாது. புராஜெக்ட் மேலாளரைத் திறந்து வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, நொடிக்கு ஒருமுறை எல்இடியை மினுக்கும் 555 சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். பழைய சரக்குதான், ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட எளிதானது இல்லை. ஏ விசையைத் தட்டினால் சிம்பல் சேர்க்கலாம், டபிள்யூ தட்டினால் வயர், பி (P) தட்டினால் பவர் சின்னங்கள். 8ஆம் காலையும் 4ஆம் காலையும் 9 வோல்ட்டுக்கு, 1ஆம் காலை கிரவுண்டுக்குக் கொடுங்கள். 8க்கும் 7க்கும் நடுவே ஆர்1, 1 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் நடுவே ஆர்2, 68 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் சி1. 5ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் சி2. 3ஆம் காலிலிருந்து 470 ஓம் ஆர்3 வழியாக எல்இடி, அதன் மறுமுனை கிரவுண்டில். பேட்டரிக்கு இரண்டு முள் கனெக்டர் ஒன்று. 1.44ஐ, ஆர்1உடன் இருமடங்கு ஆர்2ஐக் கூட்டி சி1ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் சுமார் 1.05 ஹெர்ட்ஸ் கிடைக்கும். நமக்குப் போதும்.

இப்போது, வரைபடத்தின் மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் ஈஆர்சி சோதனையை ஓட்டுங்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் வரும் பிழை, பவர் காலுக்கு மின்சாரம் தருவது யார் என்று தெரியவில்லை என்பதுதான். பேட்டரி கனெக்டர் மின்சாரம் தரும் என்பது நமக்குத் தெரியும், மென்பொருளுக்கு அது வெறும் இரண்டு முள். பவர் ஃபிளாக் என்ற சிம்பலை 9 வோல்ட் வயரிலும் கிரவுண்டிலும் ஒவ்வொன்று வைத்தால் அடங்கிவிடும். எண் விழாமல் ஆர் கேள்விக்குறி என்று ஏதாவது நின்றால், டூல்ஸ் மெனுவில் அனோட்டேட் கொடுத்து எண் போட்டுவிடுங்கள்.

ஃபுட்பிரிண்ட்: அவசரப்படக் கூடாத இடம்

சிம்பல் என்பது வெறும் சின்னம். அதற்கு உடம்பு கிடையாது. ரெசிஸ்டர் என்று வரைந்ததும் அது கால் வாட்டா, அரை வாட்டா, கால்கள் எத்தனை மி.மீ. தள்ளி இறங்கும் என்பதெல்லாம் கீகேட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் ஃபுட்பிரிண்ட்.

டூல்ஸ் மெனுவில் அசைன் ஃபுட்பிரிண்ட்ஸ் என்பதைத் திறந்தால் மூன்று பத்தி தெரியும். இடதுபுறம் நூலகங்கள், நடுவில் நம் சர்க்யூட்டின் பாகங்கள், வலதுபுறம் தேர்ந்தெடுக்க வேண்டிய ஃபுட்பிரிண்ட்கள். வலதுபக்கம் நூற்றுக்கணக்கில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மேலே இருக்கும் வடிகட்டி பொத்தான்களை அழுத்தினால், கால் எண்ணிக்கைக்கும் நூலகத்துக்கும் ஏற்றபடி பட்டியல் சுருங்கும்.

பெயர்கள் முதலில் கிறுக்கலாகத் தெரியும், பழகினால் அவையே அளவைச் சொல்லிவிடும். சாதாரண கால் வாட் ரெசிஸ்டருக்கு டிஐஎன்0207 என்று தொடங்கி பி10.16 என்று வருவதை எடுங்கள். உடல் நீளம் 6.3 மி.மீ., துளைகளுக்கு நடுவே 10.16 மி.மீ. என்று பொருள். 5 மி.மீ. குண்டான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு டி5.0, பி2.00. அதே கெபாசிட்டர் 6.3 மி.மீ. குண்டாக இருந்தால் 2.50, 8 மி.மீ. என்றால் 3.50. பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளந்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் ஒரே மதிப்புக்குக் கடைக்குக் கடை வேறு பருமனில் கெபாசிட்டர் தருவார்கள், அதனால் முதலில் வாங்கு, பிறகு வரை.

555க்கு என்ஈ555பி எடுத்திருந்தால் டிப்-8, டபிள்யூ7.62 என்பது தானாகவே நிரம்பியிருக்கும். இருந்தாலும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சொன்னேனே, என் கதை!

இன்னொரு விஷயம். சிம்பலையும் ஃபுட்பிரிண்டையும் கீகேட் இணைப்பது கால் எண்ணை வைத்து மட்டும்தான். சிம்பலின் 1ஆம் கால் ஃபுட்பிரிண்டின் 1ஆம் பேடுக்கு (கால் பற்றவைக்கும் செப்புப் புள்ளிக்கு) போகும், அவ்வளவுதான். எல்இடியில் 1 என்பது கேதோடு (எதிர்முனை), சதுர பேட் அதனுடையது. டிரான்சிஸ்டரில் இது பெரிய வம்பு. பிசி547இல் (BC547) 1, 2, 3 என்பவை கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அப்படியே தலைகீழாக எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் ஒரே டிஓ-92 உடல். ஒன்றின் சிம்பலை வரைந்துவிட்டு இன்னொன்றைப் பற்றவைத்தால், எந்தச் சோதனையிலும் பிழை வராது, சர்க்யூட் மட்டும் சரியாக ஓடாது.

எஃப்8

சரி, இப்போது அனுப்பலாம். பழைய பதிப்புகளில் நெட்லிஸ்ட் (இணைப்புகளின் பட்டியல்) என்று ஒரு கோப்பை எழுதி, அதைப் போர்டு பக்கம் போய்ப் படிக்க வைக்க வேண்டும். இன்னும் பல வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள், அதைத் தேடி அலைய வேண்டாம். எஃப்8 அழுத்தினால் போதும்.

‘அப்டேட் பிசிபி ஃப்ரம் ஸ்கிமேட்டிக்’ என்ற ஜன்னல் வரும். உடனே அப்டேட் பொத்தானை அழுத்தாமல், உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆர்3ஐச் சேர்க்க முடியவில்லை, ஃபுட்பிரிண்ட் இல்லை என்கிற மாதிரி சிவப்பு வரி இருந்தால், அந்தப் பாகம் போர்டுக்கு வரவே வராது. மூடிவிட்டுப் போய்ச் சரிசெய்துவிட்டு மறுபடி எஃப்8. பிழை சுழியம் என்றதும் அப்டேட் கொடுத்து ஜன்னலை மூடினால், எல்லாப் பாகங்களும் ஒரு கொத்தாக மவுஸ் முனையில் தொங்கும். காலியான இடத்தில் கிளிக் செய்து இறக்கிவையுங்கள்.

பாகங்களுக்கு நடுவே மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பெயர் ராட்ஸ்நெஸ்ட், எலி சேர்த்துவைத்த நூல்குப்பை மாதிரிதான் இருக்கும். எந்தக் கால் எந்தக் காலோடு சேர வேண்டும் என்று ஸ்கிமேட்டிக் சொன்னது இதுதான்.

எட்ஜ் கட்ஸ் லேயரில் ஒரு செவ்வகம் வரைந்தால் அதுவே போர்டின் விளிம்பு. எம் தட்டி நகர்த்துங்கள், ஆர் தட்டித் திருப்புங்கள், கோடுகள் பின்னாதபடி அடுக்குங்கள். அடுக்குவதில் செலவழிக்கும் அரைமணி நேரம் வயரிங்கில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அப்புறம் எக்ஸ் தட்டி டிராக், அதாவது செப்புக் கோடு, இழுங்கள். இந்த சர்க்யூட்டுக்கு 0.5 மி.மீ. அகலம் தாராளம். வீட்டில் ஃபெர்ரிக் குளோரைடில் அரித்து எடுக்கப்போகிறீர்கள் என்றால் 1 மி.மீ. வைத்து, எல்லாவற்றையும் கீழ்ச் செப்பிலேயே இழுத்துவிடுங்கள். கிரவுண்டுக்குத் தனித்தனியாக இழுக்காமல், போர்டு முழுக்க ஒரு ஃபில்டு ஸோன் (செப்பு நிரப்பும் பகுதி) வரைந்து பி (B) தட்டினால் அது நிரம்பிக்கொள்ளும்.

மறுபடியும் மாற்ற வேண்டிவந்தால்

கண்டிப்பாக வரும். ஆர்3ஐ 1 கிலோவாக்கலாமா என்று பாதியில் தோன்றும். ஸ்கிமேட்டிக்கில் மாற்றிவிட்டு எஃப்8 அழுத்துங்கள், அடுக்கியது கலையாது. ஒவ்வொரு சிம்பலுக்கும் உள்ளே ஒரு மறை அடையாள எண் இருக்கிறது, அதை வைத்துத்தான் போர்டில் உள்ள பாகத்தைக் கீகேட் கண்டுபிடிக்கிறது. ஆர்1ஐ ஆர்5 என்று பெயர் மாற்றினாலும் அதற்குத் தெரியும். ஆனால் சிம்பலை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தால், அதன் பார்வையில் அது வேறு ஆள். பழைய பாகம் அநாதையாக நிற்கும், புதியது மவுஸில் தொங்கும். அப்போது எஃப்8 ஜன்னலில், ரெஃபரன்ஸ் பெயரை (ஆர்1, சி2 போன்றதை) வைத்து மறுபடி இணை என்ற தேர்வுக்கு டிக் போட்டால் தப்பிக்கலாம்.

அதே ஜன்னலில் இன்னும் இரண்டு தேர்வுகளைக் கவனியுங்கள். ஃபுட்பிரிண்டை மாற்றியிருந்தால், ஸ்கிமேட்டிக்கில் உள்ளதை வைத்து மாற்று என்பதில் டிக் இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய உடம்பே போர்டில் நிற்கும். சிம்பல் இல்லாத ஃபுட்பிரிண்ட்களை அழி என்பதில் யோசித்து டிக் போடுங்கள். போர்டில் நேரடியாக நீங்கள் வைத்த திருகுத் துளைகளையும் அது வாரிக்கொண்டு போகலாம். ஸ்கிமேட்டிக்கிலேயே மவுண்டிங் ஹோல் சிம்பல் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எல்லாம் முடிந்ததும், போர்டின் வடிவமைப்பு விதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி சோதனையை ஓட்டுங்கள். அதில், போர்டும் ஸ்கிமேட்டிக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் தேர்வு ஒன்று உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, ஐசியையும் கெபாசிட்டரையும் அதன்மேல் வைத்து, கால்கள் புள்ளிகளில் விழுகின்றனவா என்று பாருங்கள். அச்சிடும்போது, பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு விழுந்திருந்தால் அளவு சுருங்கிவிடும், அதை 100 சதவீதமாக்குங்கள்.

பொருந்தினால் ஃபைல் மெனுவில் ஃபேப்ரிகேஷன் அவுட்புட்ஸ் போய், போர்டு செய்பவருக்கு அனுப்ப வேண்டிய கெர்பர் கோப்புகளை எடுக்கலாம். துளைகளுக்கான டிரில் கோப்பு அதில் தானாக வராது, தனியாக எடுத்து இரண்டையும் ஒரே ஸிப்பில் போட்டு அனுப்புங்கள்.