மூட்டு மாற்று அறுவை சிகிச்சையா? செலவை 90 நாளுக்குக் கணக்குப் போடுங்கள்

நாள் குறித்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, "பேக்கேஜ் எவ்வளவு?" அந்தத் தொகை டிஸ்சார்ஜோடு முடிந்துவிடும், செலவு முடியாது. பிசியோதெரபி, மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் போடும் லீவு, நீங்கள் வேலைக்குத் திரும்பும்வரை விட்டுப்போகும் வருமானம் எல்லாம் அப்புறம்தான் வரும். ஆகவே ஒரு தாளை எடுத்து 90 நாள் கணக்கு எழுதுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மூட்டு மாற்றுக்காக 2016-ல் தொடங்கிய திட்டமும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 90 நாளையும் சேர்த்தே செலவைப் பார்த்தது. அதில் மிச்சமானது பெரும்பாலும் நோயாளிகளைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பாமல் நேராக வீட்டுக்கு அனுப்பியதால்தான்.

இம்பிளான்ட், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு, அதன் விலையில் நம்மால் ஆவது கொஞ்சம். சீக்கிரம் தேறுவதில் நிறையச் செய்யலாம், அதுவும் அறுவைக்குச் சில வாரம் முன்பிருந்தே. ஹீமோகுளோபின் குறைவா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், படுக்கை நாளும் கூடும். சர்க்கரை கட்டுக்குள் வரட்டும். புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். ஆறாத புண், பல்லில் சீழ் எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மறுபடி அறுவை, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் என்று போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

மருத்துவமனையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறுவை நடந்த அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்பீர்களா, வலிக்கு என்ன ஏற்பாடு? டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்வைத்த வழி இதுதான்: ஒரே மருந்தை நம்பாமல் பல விதத்தில் வலியை அடக்கி, சீக்கிரம் சாப்பிடவும் நடக்கவும் வைப்பது.

வீட்டில், வாக்கரின் அகலம் குளியலறைக் கதவுக்குள் போகுமா என்று டேப் வைத்து முன்னாடியே அளந்துவிடுங்கள். தரைவிரிப்பைச் சுருட்டி வையுங்கள், கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். ஒரு தடவை விழுந்தால் மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் போய்விடும்.

பிசியோதெரபியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முழங்கால் மடங்காமல் இறுகிவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிவரும், அது இன்னொரு பில். மருத்துவர் சம்மதித்தால் பயிற்சிக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், கால் நன்றாக மடங்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தையும் சொன்ன நாள்வரை விடாமல் எடுக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சு வாங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்ற நம்பரை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.