குடும்பத்தோடு சென்னைப் பயணம்: ரோடு பைக்கைக் கூடவே கொண்டுபோவது எப்படி?

மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ நான்கு நாள் சென்னைப் பயணம். பிள்ளைகள், பெட்டிகள், பெரியவர்கள், கூடவே உங்கள் ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள். இது நடக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். காரில் யாருடைய இடத்தையும் சைக்கிள் பிடுங்கக்கூடாது. மற்றவர்கள் எழுந்து காபி குடித்து முடிப்பதற்குள் நீங்கள் ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: விடுதிக்கு ஒரு போன்

அறை பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். அப்போது ‘பைக்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். “பார்க்கிங் இருக்கு சார், நிறுத்திக்கலாம்” என்று பதில் வரும். அவர்கள் நினைப்பது மோட்டார் பைக். “சைக்கிள், ரூமுக்குள்ளே வைக்கணும்” என்று சொல்லி, சரி என்றவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் வைத்துப் பூட்டுவது எங்களுக்குச் சம்மதமில்லை. மெல்லிய கேபிள் பூட்டை அறுக்க ஒரு கட்டிங் பிளேயர் போதும்.

படி 2: காரா, ரயிலா?

நான்கு பேர் போகும் சின்னக் காரின் டிக்கியில் ரோடு பைக் அடங்காது. சக்கரங்களைக் கழற்றினாலும் ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வரும், பெட்டிகளுக்கு இடமிருக்காது. ஆகவே வெளியே மாட்டும் கேரியர்தான்.

கூரை கேரியரில் சைக்கிள் பத்திரமாக நிற்கும். ஆபத்து, இறங்கும் இடத்தில். ஒன்றரை மீட்டர் உயரக் காரின் மேல் சைக்கிளும் ஏறினால் மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். ஏழெட்டு மணி நேரம் ஓட்டிய களைப்பில், மேலே சைக்கிள் இருப்பதை மறந்து விடுதியின் அடித்தள பார்க்கிங்குக்குள் நுழைந்தால் ஃபிரேம், கேரியர், கார்க் கூரை மூன்றும் போச்சு. ஸ்டியரிங் அருகே ‘மேலே சைக்கிள்’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவையுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

டிக்கி கதவில் பட்டையால் கட்டும் கேரியர் விலை குறைவு. அதில் நான்கு விஷயம் பாருங்கள்:

- நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக்கூடாது.
- சக்கரம் சைலன்சர் குழாய்க்கு நேரே வரக்கூடாது. சூட்டில் டயரும் கார்பன் ரிம்மும் கெட்டுப்போகும்.
- முன்சக்கரத்தை ஃபிரேமோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் திரும்பித் திரும்பிக் கார் பெயின்ட்டைச் சுரண்டும்.
- பட்டையின் மிச்ச நுனியை முடிச்சுப் போடுங்கள். படபடத்துக்கொண்டே இருந்தால் கொக்கி தளரும். முதல் 20 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள்.

ரயில் என்றால், பயணிகளுக்கான இலவச லக்கேஜ் அளவில் சைக்கிள் சேராது. பார்சல் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டி, அதே ரயிலின் லக்கேஜ் வேனுக்குப் பதிவு செய்ய வேண்டும். ரயில் புறப்பட 30 நிமிடம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இங்கேயும் ‘பைக்’ வேண்டாம், ஆர்.சி. புக் கேட்பார்கள். உங்கள் ஊரில் புறப்பட்டுச் சென்னையில் முடியும் ரயிலாகப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் நடுவழி நிலையத்தில் சைக்கிளை ஏற்ற நேரமில்லாமல் போனால், நீங்கள் போய்ச் சேருவீர்கள், அது சேராது.

படி 3: கழற்றுவது

ரயிலில் போகும் சைக்கிளுக்கு, சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ, பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், எலக்ட்ரிகல் டேப், பழைய துணி. இவ்வளவுதான் தேவை.

முதலில் செயினைப் பின்பக்கம் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். பின்சக்கரம் சுலபமாக வெளியே வரும். டிஸ்க் பிரேக் வண்டியானால், சக்கரம் எடுத்த உடனே பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது லிவரை அமுக்கினால் (குழந்தைகள் கட்டாயம் அமுக்குவார்கள்) ஹைட்ராலிக் பிரேக்கில் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. அப்படி ஆகிவிட்டால் பிளாஸ்டிக் டயர் லிவரால் மெதுவாக நெம்பிப் பிரியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் கெடுப்பது பெடலைத்தான். இடது பெடலின் மரை தலைகீழ். நினைவில் வைக்க ஒரு வழி: ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரம் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் கழலும்.

சீட் போஸ்ட்டை எடுக்கும் முன் ஃபிரேமைத் தொடும் இடத்தில் டேப் சுற்றுங்கள். பிறகு உயரத்தைத் தேட வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன்தகட்டின் போல்ட்டுகளை மட்டும் கழற்றுங்கள். ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) தலைமேல் இருக்கும் மூடியைத் தொடாதீர்கள், தொட்டால் ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்கை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.

பெட்டியில் போகும் வண்டிக்கு ரியர் டிரெய்லியரையும் (பின்பக்கம் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றி, துணி சுற்றி, ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். டிரெய்லியரைத் தாங்கும் சின்ன அலுமினிய ஹேங்கர் ஓர் அடியில் வளைந்துவிடும். வளைந்தால் கியர் தாவும். பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டிரெய்லியர் ஸ்போக்குக்குள் சிக்கிச் சக்கரத்தையே உடைத்துவிடும். மாடலுக்கு மாடல் ஹேங்கர் வேறு. ஞாயிற்றுக்கிழமை சென்னை முழுக்க அலைந்தாலும் உங்களுடையது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள்.

ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே அளவான மரத்துண்டு வைத்து டேப் சுற்றினால், மேலே சுமை விழுந்தாலும் நசுங்காது. பெயர், போன் நம்பர், பி.என்.ஆர்., இறங்கும் நிலையம் நான்கையும் பெட்டியின் இரு பக்கமும் எழுதுங்கள்.

டயர் காற்றைப் பாதியாக இறக்குங்கள். 80 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெயிலில் சூடேறினால் 90ஐ நெருங்கிவிடும்.

படி 4: அறையில் மறுபடி பொருத்துவது

போய் இறங்கிய மாலையே பொருத்திவிடுங்கள், விடிகாலை நாலரைக்கு அல்ல. ஹேண்டில்பார் போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் (எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கான அளவு) என்று எழுதியிருக்கும், அதுதான் எல்லை. காற்று, 70 கிலோ எடைக்கு 25 மி.மீ. டயரானால் 80, 28 மி.மீ. என்றால் 70 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள். நழுவினால் இன்னும் இறுகவில்லை.

படி 5: எங்கே, எப்போது?

தி. நகரில் தங்கினால் ஐந்து மணிக்குக் கிளம்பி, அடையாறு வழியாகத் திருவான்மியூர், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. முதல் நாள் அக்கரை சந்திப்பில் திரும்பிவிடுங்கள், 40 கி.மீ.க்குள் முடிந்துவிடும். மறுநாள் முட்டுக்காடு பாலம் வரை போகலாம், போகவர 55 கி.மீ. பக்கம் வரும். இருட்டில் கிளம்புவதால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். சாலையின் இடது ஓரத்தில் மணல் கிடக்கும், வளைவில் சக்கரம் வழுக்கும். இரண்டடி உள்ளே தள்ளியே ஓட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகும்போது கால் இன்றைக்கு நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். திரும்பும்போது எதிர்க்காற்று கணக்குத் தீர்க்கும். அந்த மாதங்களில் கடிகாரம் ஆறு மணியைக் காட்டியதும், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். இல்லாவிட்டால் மகாபலிபுரம் கிளம்பத் தயாராகி நிற்கும் குடும்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அறைக்குள் போகுமுன் வாசலிலேயே டயரைத் துடையுங்கள். கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. ஈரத்துணியால் ஃபிரேமையும் போல்ட் தலைகளையும் துடைத்து, செயினைக் காய்ந்த துணியால் உருவி, ஒவ்வொரு செயின் இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கூடுதலாக விட்டால் மணல் அப்பிக்கொள்ளும். விடுதித் துண்டை இதற்கு எடுக்காதீர்கள். கறை போகாது, பில்லில் ஏறும்.